பிசினஸ் கிளாஸ்: சீட் முதலில், மைல்ஸ் அப்புறம்

கிரெடிட் கார்டு பாயிண்ட் லட்சத்தைத் தாண்டியதும் பலர் செய்கிற முதல் வேலை, வங்கித் தளத்துக்குள் போய் அத்தனையையும் ஏதோ ஒரு ஏர்லைன் கணக்குக்கு மாற்றிவிடுவது. டிக்கெட் தேடுவது அதற்கப்புறம்தான். தேடினால் நமக்கு வேண்டிய தேதியில் சீட் இருக்காது. மாற்றிய பாயிண்ட் வங்கிக்குத் திரும்பாது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

மைல்ஸ், அதாவது ஏர்லைன் கணக்கில் சேரும் பாயிண்ட், சேர்ப்பது இன்று அவ்வளவு கடினமில்லை. மைல்ஸுக்குக் கொடுக்கிற சீட்தான் அரிது. ஒரு விமானத்தில் இருபது பிசினஸ் சீட் காலியாக இருக்கலாம், காசுக்கு அத்தனையும் விற்பனையில் இருக்கலாம், மைல்ஸுக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். எது விலைபோகாது என்று ஏர்லைன் கணக்குப் போடுகிறதோ அதை மட்டும் மைல்ஸ் பக்கம் தள்ளும். அதனால் எங்கே போக வேண்டும், எந்த ஏர்லைன் அந்த வழியில் சீட் திறக்கிறது, அந்தச் சீட்டை எந்தத் திட்டத்தின் மைல்ஸால் எடுக்க முடியும் என்று பின்னாலிருந்து வர வேண்டும். பாயிண்ட்டை மாற்றுவது கடைசி வேலை.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களை வைத்தே பார்ப்போம். கிழக்கே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மேற்கே பிரிட்டிஷ் ஏர்வேஸ், லுஃப்தான்சா, கத்தார், எமிரேட்ஸ், எத்திஹாட். ஆஸ்திரேலியா, ஜப்பான், அமெரிக்காவின் மேற்குக் கரை என்றால் சிங்கப்பூர் வழி நன்றாக அமையும். லண்டனுக்கோ நியூயார்க்கிற்கோ சிங்கப்பூர் வழியாகப் போவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல்ஸ் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் மைல்ஸ் இருக்கிறது என்பதற்காகச் சிலர் அதையும் செய்கிறார்கள்.

கிரிஸ்ஃப்ளையர்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூர பிசினஸ் சீட் வேண்டுமென்றால் அவர்களுடைய கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ்தான் வேண்டும். ஸ்டார் அலையன்ஸ் என்ற ஏர்லைன் கூட்டணியின் மற்ற கூட்டாளிகளுக்கு அந்தச் சீட்டைப் பெரும்பாலும் அவர்கள் திறப்பதில்லை. மற்ற ஸ்டார் அலையன்ஸ் விமானங்களுக்கு ஏர் கனடா, யுனைடெட் தளங்களில் இலவசக் கணக்கு தொடங்கித் தேடிப் பார்ப்பது நல்ல வழி. ஆனால் சிங்கப்பூர் சீட்டை அங்கே தேடினால் இல்லை என்றே வரும். அதை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தளத்திலேயே பார்க்க வேண்டும்.

மைல்ஸ் டிக்கெட்டில் முக்கியமாக சேவர், அட்வாண்டேஜ் என்ற விலைகள் உண்டு. சேவர் மலிவு, கிடைப்பது கஷ்டம். அட்வாண்டேஜில் மைல்ஸ் அதிகம் போகும், சீட் சற்று சுலபம். சேவர் இல்லாத நாளில் வெயிட்லிஸ்ட் போடலாம். இங்கேதான் மேலே சொன்ன விதி கொஞ்சம் வளைகிறது: வெயிட்லிஸ்டில் நிற்கவே கணக்கில் போதிய மைல்ஸ் இருக்க வேண்டும். ஆக, கிரிஸ்ஃப்ளையரில் மட்டும் ஓரளவு முன்கூட்டியே மாற்றி வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வெயிட்லிஸ்ட் கிளியர் ஆகும் என்று நம்பி ஹோட்டலுக்குப் பணம் கட்டாதீர்கள்.

இந்த மைல்ஸின் ஆயுள் 36 மாதம். நடுவில் பறந்தாலும் பறக்காவிட்டாலும் கெடு நீளாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் போன்றவற்றின் மைல்ஸான ஏவியோஸ் வேறு மாதிரி: 36 மாதத்துக்குள் ஒரு சின்ன வரவோ செலவோ நடந்தால் போதும், கெடு மறுபடி முதலிலிருந்து ஓடும். வருஷத்துக்கு ஒருமுறை கூடப் பறக்காதவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

தன் சொந்த விமானங்களுக்கான மைல்ஸ் டிக்கெட்டில் எரிபொருள் சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) வாங்குவதை 2017 மார்ச்சில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுத்திவிட்டது. விமான நிலைய வரிகள் மட்டும் கட்டினால் போதும். அதே கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸால் சென்னை–ஃப்ராங்ஃபர்ட் லுஃப்தான்சா எடுத்தால் சர்சார்ஜ் வந்து விழும். பணம் கட்டும் பக்கம் வரை போய் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் இது லாபமா என்று முடிவு செய்ய வேண்டும்.

குடும்பத்துக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது: கிரிஸ்ஃப்ளையரில் உங்களைத் தவிர ஐந்து பேரை நாமினியாகச் சேர்க்கலாம். அதில் இல்லாதவருக்கு உங்கள் மைல்ஸில் டிக்கெட் போட முடியாது. அவசரத்துக்கு யாரையாவது சேர்த்துவிட்டு அப்புறம் மாற்ற நினைத்தால் கட்டணம். அதனால் நாமினி இடத்தை விளையாட்டாக நிரப்ப வேண்டாம்.

இன்னொன்று, நான்கு பேருக்கு என்று தேடினால் நான்கு சீட் இருந்தால்தான் காட்டும். இரண்டு சீட் இருந்தாலும் 'இல்லை' என்றே வரும். ஒருவருக்கு, பிறகு இருவருக்கு என்று தேடிப் பாருங்கள். அம்மாவும் ஒரு பிள்ளையும் இன்று, அப்பாவும் மற்றதும் நாளை என்று பிரித்துப் போவதுதான் நடைமுறையில் ஒத்துவரும். பள்ளி விடுமுறை வாரத்தில் நான்கு சேவர் பிசினஸ் சீட் ஒன்றாகக் கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஏவியோஸும் லண்டன் வரியும்

பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், ஐபீரியா, ஃபின்னேர் எல்லாம் இப்போது ஏவியோஸ் என்ற ஒரே நாணயத்தில் கணக்கு வைக்கின்றன. கத்தார் 2022-இல் இதற்கு மாறியது. இரண்டு கணக்குகளை இணைத்தால் ஒன்றுக்கு ஒன்று என்று இலவசமாக நகர்த்தலாம். இணைக்கும்போது பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றும் இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். ஒரு பக்கம் இனிஷியல், மறுபக்கம் விரித்த பெயர் என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் 355 நாளுக்கு முன் விற்பனையைத் திறக்கும்போது, நீண்ட தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 பிசினஸ் சீட்டை ஏவியோஸுக்கு ஒதுக்கும். திறப்பது லண்டன் நள்ளிரவில். நமக்கு அது விடியற்காலை. பொங்கல், கோடை விடுமுறைத் தேதிகளுக்கு அந்த நேரத்தில் உட்கார்ந்தால்தான் உண்டு. திரும்பும் தேதி அன்றைக்குத் திறந்திருக்காது, போகும் பயணத்தை ஒருவழி டிக்கெட்டாக எடுத்துவிட்டு, திரும்புவதற்கு நாள் வரும்போது தனியாக எடுக்க வேண்டியதுதான்.

வலிக்கிற இடம், கையிலிருந்து கட்டும் பணம். ஏர்லைன் சர்சார்ஜ் ஒரு பக்கம் இருக்க, பிரிட்டன் அரசின் விமானப் பயணி வரி இருக்கிறது. லண்டனிலிருந்து இந்தியா வரும் பிசினஸ் பயணிக்கு அது 2025 ஏப்ரலில் 194 பவுண்டிலிருந்து 216 ஆக ஏறியது. இந்த வரி பிரிட்டனிலிருந்து விமானத்தில் புறப்படுவதற்கு மட்டும்தான், வந்து இறங்குவதற்குக் கிடையாது. ஒரே டிக்கெட்டில் லண்டனில் விமானம் மாறி 24 மணி நேரத்துக்குள் வேறு நாட்டுக்குப் போனாலும் கிடையாது. ஆக, லண்டனில் இறங்கி ஊர் பார்த்துவிட்டு யூரோஸ்டார் ரயிலில் ஆம்ஸ்டர்டாமோ பிரஸ்ஸல்ஸோ போய் அங்கிருந்து ஊர் திரும்பினால் அந்த வரி மிச்சம். முன்பெல்லாம் பாரிஸையும் சொல்லலாம். 2025 மார்ச் முதல் பிரான்ஸும் நீண்ட தூர பிசினஸ் பயணத்துக்கு 120 யூரோ என்று கூட்டிவிட்டது.

எந்த விமானம், எந்த சீட்

பிசினஸ் கிளாஸ் என்று எழுதியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. சீட் வரைபடத்தைத் திறந்து ஒரு வரிசையை எண்ணுங்கள். எண்கள் ஒட்டியிருக்கும் சீட்டுகள், கோடு நடைபாதை: 1-2-1 என்றிருந்தால் எந்த சீட்டிலிருந்தும் யாரையும் தாண்டாமல் நடைபாதைக்கு வரலாம். ஏர் இந்தியாவின் பழைய 777-300இஆர், எமிரேட்ஸின் பழைய 777 இரண்டிலும் 2-3-2, அதாவது அத்தனை மைல்ஸ் கொடுத்தும் நடு சீட் மாட்டலாம். ஏர் இந்தியாவின் ஏ350-இல் 28 பிசினஸ் சீட்டும் 1-2-1, கதவோடு. எமிரேட்ஸிலேயே ஏ380 எடுத்தால் மேல்தளத்தில் 1-2-1.

பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2019-இல் வந்த கிளப் சூட் 1-2-1. அதற்கு முந்தைய சீட்டில் ஜன்னலோரம் இருப்பவர் பின்னோக்கி உட்கார்ந்திருப்பார், பக்கத்து சீட்காரர் முன்னோக்கி. விமானம் ஏறும்போது முன்பின் தெரியாத இருவர் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், நடுவிலுள்ள தடுப்பை உயர்த்தும் வரை. இரவில் ஜன்னல்காரர் கழிப்பறைக்குப் போக, பக்கத்தில் நீட்டிப் படுத்திருப்பவரின் காலைத் தாண்டியாக வேண்டும். வரைபடத்தில் 2-4-2 அல்லது 2-3-2 தெரிந்தால் அது இந்தப் பழைய சீட். பிசினஸ் டிக்கெட்டுக்கே சீட்டை முன்கூட்டித் தேர்ந்தெடுக்கக் காசு கேட்பதும் இவர்கள் வழக்கம், ஸ்டேட்டஸ் (நிறையப் பறப்பவர்களுக்கு ஏர்லைன் கொடுக்கும் சில்வர், கோல்டு தகுதி) இல்லாதவர்களுக்குப் புறப்பட 24 மணி நேரம் இருக்கும்போதுதான் இலவசம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நீண்ட தூர ஏ350, 777-300இஆர் இரண்டிலும் சீட் மிக அகலம். ஆனால் பொத்தானை அழுத்தினால் படுக்கையாகாது. எழுந்து நிற்க வேண்டும், சாய்மானத்தை முன்பக்கம் மடித்துக் கவிழ்க்க வேண்டும், அதன் முதுகில்தான் படுக்கை இருக்கிறது. காலை நீட்டும் பொந்து நேர் எதிரில் இல்லாமல் ஒரு மூலையில் இருப்பதால் குறுக்காகத்தான் படுக்க வேண்டும். உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்கும். ஒவ்வொரு கேபின் பகுதியிலும் முதல் வரிசையில் மட்டும் பொந்துக்குப் பதில் அகலமான கால்மேடை இருக்கிறது. அந்த சீட் காலியாக இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். சென்னை–சிங்கப்பூர் நாலு மணி நேரத்தில் வருவது குறுந்தூர விமானத்தின் வேறு சீட், அது பொத்தானை அழுத்தினாலே தட்டையாகிவிடும்.

லுஃப்தான்சாவில் புதிய அலெக்ரிஸ் கேபின் 2024 மே மாதம் முதல் மெல்ல மெல்ல வருகிறது. பழைய 2-2-2 இன்னும் ஏராளம். கத்தாரில் கதவு வைத்த க்யூசூட் எல்லா விமானத்திலும் இல்லை, 787-8-இல் கிடையாது. எந்த ஏர்லைன் ஆனாலும் விமான வகை கடைசி வாரத்தில்கூட மாறும். டிக்கெட் எடுத்தபின் சீட் எண் திடீரென்று தானாக மாறியிருந்தால் விமானம் மாறிவிட்டது என்று அர்த்தம். உடனே வரைபடத்தைத் திறந்து நல்ல சீட்டை மறுபடி பிடிக்க வேண்டும், ஏனென்றால் அதே விமானத்தில் மற்றவர்களும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

இன்னொரு பொறி: 'பிசினஸ்' என்று காட்டும் மைல்ஸ் டிக்கெட்டில் பயணத்தின் ஒரு துண்டு மட்டும் எகானமியாக இருக்கும். பத்து மணி நேரத் துண்டு எகானமியாகவும் இரண்டு மணி நேரத் துண்டு பிசினஸாகவும் வந்தாலும் பல திட்டங்களில் மைல்ஸ் முழுசாகத்தான் போகும். ஒவ்வொரு துண்டையும் விரித்துப் பாருங்கள்.

ஒரு மைல் எவ்வளவு

கணக்கு எளிது. காசு டிக்கெட் விலையிலிருந்து மைல்ஸ் டிக்கெட்டுக்குக் கட்டும் வரியைக் கழித்து, மைல்ஸால் வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு காசு விலை 2,40,000 ரூபாய், மைல்ஸில் 1,00,000 மைல் கூட 15,000 ரூபாய் வரி என்றால் ஒரு மைல் 2.25 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் கையிலிருந்து 2,40,000 கொடுத்து அந்த டிக்கெட்டை எடுத்திருப்பீர்களா? 1,10,000-க்கு பிரீமியம் எகானமி எடுத்திருப்பவர் என்றால் மிச்சமானது 95,000, ஒரு மைல் 95 பைசா. சில பிரீமியம் கார்டுகளில் வங்கித் தளத்திலேயே ஒரு பாயிண்ட்டுக்கு ஒரு ரூபாய் கழிவில் எந்த டிக்கெட்டும் வாங்கலாம், வெயிட்லிஸ்ட் தொல்லை இல்லாமல். இரண்டாவது கணக்குதான் நேர்மையானது என்பது என் கட்சி.

காசு விலையைப் பார்க்கும்போது ஜிஎஸ்டியோடு பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத டிக்கெட்டுக்கு 12-இலிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. எகானமிக்கு 5 சதவீதமே.

கார்டு பக்கம் அதிகம் சொல்லப் போவதில்லை, மாற்று விகிதமும் வருடாந்தர உச்சவரம்பும் வங்கிகள் நினைத்தபடி மாற்றுகிறவை. நிலையாக இருப்பது சில: வாடகை, பெட்ரோல், வாலட், அரசுக் கட்டணங்களுக்குப் பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் இல்லை அல்லது குறைவு. மேரியட் ஹோட்டல் பாயிண்ட்டை ஏர்லைனுக்கு மாற்றினால் மூன்றுக்கு ஒன்று, 60,000 துண்டாக மாற்றினால் பெரும்பாலான ஏர்லைன்களில் 5,000 கூடுதலாகச் சேர்ந்து 25,000 மைல். கார்டு பாக்கியை முழுசாகக் கட்டாமல் மாதம் மூன்றரை சதவீத வட்டியில் உருட்டுகிறவருக்கு எந்த மைல்ஸும் கட்டுப்படியாகாது.

பறந்து சேர்ப்பது

பறந்து சேரும் மைல்ஸ் இரண்டு வகைத் திட்டங்களில் இரண்டு விதமாக வரும். பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப், லுஃப்தான்சாவின் மைல்ஸ் அண்ட் மோர் ஆகியவை தங்கள் டிக்கெட்டுக்கு நீங்கள் கொடுத்த காசைப் பார்த்து மைல்ஸ் போடும். கிரிஸ்ஃப்ளையர் தூரத்தைப் பார்க்கும், அதை புக்கிங் கிளாஸுக்கு ஏற்ற சதவீதத்தால் பெருக்கும். அதனால் மலிவாகக் கிடைத்த நீண்ட தூர பிசினஸ் டிக்கெட்டுக்குத் தூரக் கணக்குத் திட்டமே லாபம், கடைசி நேரத்தில் கம்பெனி காசில் வாங்கிய விலையுயர்ந்த டிக்கெட்டுக்குக் காசுக் கணக்குத் திட்டம். ஒரே லுஃப்தான்சா பயணத்தை எந்தக் கணக்கில் போடுவது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் ஒரு பயணம் ஒரு கணக்கில்தான் சேரும். டிக்கெட் ரசீதில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒற்றை எழுத்துதான் புக்கிங் கிளாஸ். வாங்குவதற்கு முன் அந்த எழுத்தை மைல்ஸ் போடப்போகும் திட்டத்தின் அட்டவணையில் தேடுங்கள்.

ஸ்டேட்டஸ் வேறு, மைல்ஸ் வேறு. கார்டிலிருந்து மாற்றிய மைல்ஸ் ஸ்டேட்டஸுக்குச் சேராது. மைல்ஸால் எடுத்த டிக்கெட்டில் பறந்தாலும் சேராது. கிரிஸ்ஃப்ளையரில் 12 மாதத்துக்குள் 25,000 எலைட் மைல் (ஸ்டேட்டஸுக்குக் கணக்காகும் மைல்) வந்தால் சில்வர், 50,000 வந்தால் கோல்டு. சென்னை–சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ போய்வர சுமார் 20,500 மைல். பிசினஸில் 125 சதவீதம் என்றால் 25,600. காசு கொடுத்த இரண்டு பயணத்தில் கோல்டு வந்துவிடும், அதோடு எந்த ஸ்டார் அலையன்ஸ் விமானத்திலும், எகானமியில் பறந்தாலும் லவுஞ்சும் கூடுதல் பெட்டியும். பிரிட்டிஷ் ஏர்வேஸில் 2025 ஏப்ரல் முதல் ஸ்டேட்டஸும் செலவழித்த பவுண்டைப் பொறுத்தே. கோல்டுக்கு 20,000 டியர் பாயிண்ட், அதாவது அவர்களுடைய ஸ்டேட்டஸ் பாயிண்ட். சொந்தக் காசில் பறப்பவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

பெயர், சாப்பாடு, போர்டிங் பாஸ்

நம் ஊர்ப் பெயர்கள் இந்த விளையாட்டில் தனித் தலைவலி. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் வெறுமையாக இருக்கும், அல்லது அப்பா பெயர் சர்நேமாக இருக்கும். கார்டில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சில ஏர்லைன்கள் முன்பெயர் இடத்தில் எஃப்என்யு (முன்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும், சில அதே பெயரை இரண்டு இடத்திலும் எழுதச் சொல்லும். மைல்ஸ் கணக்கில் இருக்கும் பெயர் டிக்கெட்டில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால் மைல்ஸ் சேராது. கார்டிலிருந்து மாற்றும்போதும் இதே கதை. கணக்கு தொடங்கும் அன்றே பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேமைப் பிரித்து எழுதிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது: ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருபவர்களை 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் அனுமதிப்பதில்லை.

சைவர்கள் சாப்பாட்டுப் பட்டியலில் 'இந்து உணவு' என்பதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது பொதுவாக மாட்டிறைச்சி இல்லாத அசைவம். வேண்டியது 'ஏஷியன் வெஜிடேரியன்', அதன் குறியீடு ஏவிஎம்எல். 'லாக்டோ ஓவோ'வில் முட்டை வரும். வெங்காயம், பூண்டு கூடாதென்றால் ஜெயின் உணவு. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஏர்லைனின் மைல்ஸில் இன்னொரு ஏர்லைன் விமானம் எடுத்திருந்தால், டிக்கெட் கொடுத்தவரிடம் கேட்ட சாப்பாடு பறக்கிறவருக்குப் போய்ச் சேராமல் நிற்பது சகஜம். பறக்கிற ஏர்லைனுக்குத் தனி பி.என்.ஆர். இருக்கும். போன் செய்து அதை வாங்கி, அவர்கள் தளத்தில் நுழைந்து சாப்பாட்டையும் சீட்டையும் நீங்களே பதிந்துவிடுங்கள்.

பயணம் முடிந்ததும் போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள். கூட்டாளி ஏர்லைன் மைல்ஸ் வரச் சில வாரம்கூட ஆகும், வராமலே போவதும் உண்டு. விடுபட்டதைக் கேட்க டிக்கெட் எண்ணும் போர்டிங் பாஸும் கேட்பார்கள். போனில் போட்டோ எடுத்தால் போதும், புக்கிங் கிளாஸ் எழுத்தும் சீட் எண்ணும் தெளிவாகத் தெரிகிற மாதிரி. கிரிஸ்ஃப்ளையரில் இதற்கு ஆறு மாதம் கெடு.